ஸ்டீராய்டு களிம்பு: எவ்வளவு, எங்கே, எத்தனை நாள்

ஸ்டீராய்டு களிம்பு விஷயத்தில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. பயந்துபோய் மிளகளவு எடுத்துக் கை முழுக்கத் தேய்ப்பது ஒன்று. இரண்டே நாளில் அரிப்பு அடங்கிவிட்ட நிம்மதியில் அதையே மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பது இன்னொன்று. முதலாவதில் நோய் அடங்காது, இரண்டாவதில் தோல் கெடும். பல சமயம் முதல் தவறுதான் இரண்டாவதற்கு வழிவிடுகிறது. போதாத அளவு பூசுவதால் நோய் முழுசாக ஆறுவதில்லை. ஆறாததால் நிறுத்தவும் முடிவதில்லை. அதனால் போதுமான அளவு, போதுமான வீரியம், குறைந்த நாட்கள், பிறகு நிறுத்தம் என்ற வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்கான கணக்குகள்தான்.

நோய் இன்னதென்று தெரிந்த பிறகே டியூபைத் திறக்க வேண்டும்

எக்ஸிமா (வறண்டு அரிக்கும் கரப்பான்), சொரியாசிஸ் (செதில் உதிரும் தடித்த படை), ஒத்துக்கொள்ளாத பொருள் பட்டு வரும் தடிப்பு, லைக்கன் பிளானஸ் (ஊதாநிறத்தில் அரிக்கும் மேடுகள்) எல்லாம் அழற்சி நோய்கள். தோலில் உள்ள எதிர்ப்புச் செல்கள் தேவையில்லாமல் கொந்தளிப்பதால் வருபவை. ஸ்டீராய்டு அந்தக் கொந்தளிப்பை அடக்குகிறது, விரிந்த ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. சிவப்பு, வீக்கம், அரிப்பு மூன்றும் இறங்குகின்றன. ஆனால் அது எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. தொற்று உள்ள தோலில் பூசினால், அதை எதிர்க்கும் காவலைத்தான் தூங்கவைக்கிறோம்.

இதில் அதிகம் ஏமாற்றுவது படர்தாமரை. வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து பரவும் இந்தப் பூஞ்சைப் படையில் ஸ்டீராய்டு பட்டதும் அரிப்பு நிற்கும், சிவப்பு மங்கும், ஓரம் அழிந்துபோகும். ஆறிவிட்டதாகவே தோன்றும். உள்ளே பூஞ்சை தடையின்றிப் பரவிக்கொண்டிருக்கும். பூசுவதை நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாக, படர்தாமரை என்றே அடையாளம் தெரியாத உருவத்தில் வெளிவரும். சந்தேகம் இருந்தால் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்தச் சோதனைக்குப் போகும்போது எந்தக் களிம்பை எத்தனை நாள் பூசினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இரவில் மட்டும் அரிப்பு கூடுகிறது, விரல் இடுக்குகளில் பொரிப்பொரியாக இருக்கிறது, வீட்டில் இன்னொருவருக்கும் அரிக்கிறது என்றால் அது ஸ்கேபிஸ் எனும் சொறியாக இருக்கலாம். அதற்கும் ஸ்டீராய்டு மருந்தல்ல. முகப்பரு, ரொசேஷியா எனும் முகச்சிவப்பு நோய், வாயைச் சுற்றி வரும் சிறு பருக்கள், அக்கி, அம்மை, திறந்த புண் எதற்கும் இது ஆகாது. தோலை வெளுக்கவைக்கப் பூசுவது எல்லாவற்றிலும் மோசம். நோயே இல்லாத முகத்தில், நிறுத்தும் நாள் என்று ஒன்று இல்லாமல் பூசுவது அது.

டியூபின் மேல் உள்ள மருந்துப் பெயரைப் படிக்கப் பழகுங்கள். ஹைட்ரோகார்ட்டிசோன், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் என ஸ்டீராய்டு பெயர்கள் பெரும்பாலும் 'சோன்' என்று முடியும். ஆனால் மிக வீரியமான க்ளோபெட்டசால், ஹாலோபெட்டசால் இரண்டும் 'சால்' என்று முடிவதால், க்ளோட்ரிமசால், கீட்டோகோனசால் போன்ற பூஞ்சை மருந்துகளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒரே டியூபில் கலந்த கிரீம்களும் உண்டு. எது வந்தாலும் கேட்கும் என்று அவற்றை வீட்டில் வைத்திருப்பது ஆபத்தான பழக்கம்.

சதவீதத்தை வைத்து வீரியத்தை எடைபோடாதீர்கள்

1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன், 0.05 சதவீத க்ளோபெட்டசால் இரண்டையும் கையில் கொடுத்தால், இருபது மடங்கு பெரிய எண் கொண்ட முதலாவதுதான் கடுமையானது என்று தோன்றும். உண்மை நேர்மாறு. முதலாவது படிவரிசையில் கடைசி, இரண்டாவது உச்சி. சதவீதம் என்பது அந்த மருந்து களிம்பில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். மருந்துக்கு மருந்து வலிமை வேறு. தோலில் பூசி, ரத்தக் குழாய் சுருங்கி எவ்வளவு வெளுக்கிறது என்று பார்க்கும் சோதனை 1962-ல் வந்தது. இன்றும் வீரிய வரிசைக்கு அதுவே முக்கிய அடிப்படை.

நடைமுறைக்கு நான்கு படிகள் போதும். மிதமானது: ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம். நடுத்தரம்: க்ளோபெட்டசோன் பியூட்டிரேட் 0.05 சதவீதம். வீரியமானது: பீட்டாமெத்தசோன் வேலரேட் 0.1, மொமெட்டசோன் 0.1 சதவீதம். மிக வீரியமானது: க்ளோபெட்டசால் புரோப்பியனேட் 0.05 சதவீதம். க்ளோபெட்டசோன், க்ளோபெட்டசால் இரண்டும் ஓரெழுத்து வித்தியாசம்போல ஒலிக்கும். நடுவில் இரண்டு படி இடைவெளி. மருந்துக்கடையில் மாறிவிட்டதா என்று வீட்டுக்கு வரும் முன் சரிபாருங்கள்.

எதில் கரைத்திருக்கிறார்கள் என்பதும் வேலையை மாற்றும். வாசலின் போலப் பிசுபிசுப்பான ஆயின்ட்மென்ட், காய்ந்து தடித்து வெடித்த தோலுக்கு. அது தோலை மூடிவைப்பதால் மருந்து கூடுதலாக உள்ளே போகும், எரிச்சலும் குறைவு. நீர் வடியும் பகுதிக்கும் மடிப்புகளுக்கும் கிரீம். தலைக்கும் ரோமம் அடர்ந்த இடத்துக்கும் லோஷன், ஜெல், நுரை. தலையில் ஆயின்ட்மென்டைப் பூசிவிட்டு முடி கழுவ முடியாமல் இரண்டாம் நாளே கைவிடுவதைவிட, முதலிலேயே லோஷன் கேட்டு வாங்குவது நல்லது.

உடம்பின் எல்லா இடமும் ஒரே தோல் அல்ல

ஹைட்ரோகார்ட்டிசோன் எந்த இடத்தில் எவ்வளவு உள்ளே போகிறது என்று 1967-ல் அளந்திருக்கிறார்கள். முன்கையின் உட்பக்கத்தை 1 என்று வைத்தால், உள்ளங்காலில் 0.14, உள்ளங்கையில் 0.83, தலையில் 3.5, அக்குளில் 3.6, நெற்றியில் 6, தாடையோரத்தில் 13, விதைப்பையில் 42. பாதத்துக்குக் கொடுத்த களிம்பை முகத்திலோ தொடை இடுக்கிலோ பூசக் கூடாது என்பதற்கு இந்த எண்களைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை. உள்ளங்காலில் க்ளோபெட்டசாலே திணறும். அதே டியூபை முகத்தில் சில வாரம் பூசினால் ரத்த நரம்புகள் வெளியே தெரியத் தொடங்கிவிடும்.

ஆகவே முகம், கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு ஆகியவற்றுக்கு மிதமானது. மருத்துவர் சொன்னால் மட்டும் சில நாள் நடுத்தரம். கண்ணிமை உடம்பிலேயே மிக மெல்லிய தோல். அங்கே தொடர்ந்து பூசினால் மருந்து கண்ணுக்குள் கசிந்து கண் அழுத்தமும் கண்புரையும் வரலாம். கை, கால், உடம்புக்கு நடுத்தரம் அல்லது வீரியமானது. உள்ளங்கை, உள்ளங்கால், தடித்த சொரியாசிஸ் படைகளுக்கு வீரியமானது முதல் மிக வீரியமானது வரை.

பூசிய இடத்தைப் பிளாஸ்டிக் உறையாலோ ஒட்டுக் கட்டாலோ மூடினால் உள்ளே போகும் மருந்து பல மடங்கு கூடும். மருத்துவர் வேண்டுமென்றே அப்படிச் செய்யச் சொல்வது உண்டு, நீங்களாகச் செய்ய வேண்டாம். குழந்தையின் டயப்பரும் அப்படி ஒரு மூடிதான் என்பதை மறக்காதீர்கள்.

விரல்நுனிக் கணக்கு

'மெல்லிசாகப் பூசவும்' என்று எழுதியிருப்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். அதற்கு மாற்றாக 1991-ல் வந்தது விரல்நுனி அளவு. பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரலை நீட்டி, விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை, 5 மில்லிமீட்டர் வாய் கொண்ட டியூபிலிருந்து ஒரே கோடாகப் பிதுக்குங்கள். அது ஏறக்குறைய அரை கிராம். இதைக் கொண்டு, விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத் தோலை மூடலாம்.

பெரியவர்களுக்கு ஒரு தடவை பூச ஆகும் அளவு:
- முகமும் கழுத்தும்: இரண்டரை விரல்நுனி
- ஒரு கை, மணிக்கட்டு வரை: 3
- ஒரு கையில் மணிக்கட்டுக்குக் கீழே, முன்னும் பின்னும் சேர்த்து: 1
- ஒரு கால், பாதம் நீங்கலாக: 6
- ஒரு பாதம்: 2
- நெஞ்சும் வயிறும்: 7
- முதுகும் பிட்டமும்: 7

இது முழுப் பகுதியும் பாதிக்கப்பட்டிருந்தால் ஆகும் கணக்கு. அதில் பாதி இடத்தில்தான் நோய் என்றால் பாதி அளவு. சிதறிக் கிடக்கும் படைகளுக்கு உங்கள் உள்ளங்கையை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கும் பெரியவரின் விரலால்தான் அளக்க வேண்டும், எண்ணிக்கை மட்டும் மாறும். 3 முதல் 6 மாதக் குழந்தைக்கு முகமும் கழுத்தும் 1, ஒரு முழுக் கை 1, ஒரு முழுக் கால் ஒன்றரை. 1 முதல் 2 வயதில் கைக்கு ஒன்றரை, காலுக்கு 2. 3 முதல் 5 வயதில் கைக்கு 2, காலுக்கு 3.

டியூபுக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கைகளும் விரல்வரை முழுக்கப் பாதிக்கப்பட்டால் 8 விரல்நுனி, அதாவது 4 கிராம். தினம் ஒரு தடவை, 7 நாள் என்றால் 28 கிராம். ஒரு 30 கிராம் டியூப் ஒரு வாரத்தில் காலியாக வேண்டும். அது மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறதென்றால், 'இந்த மருந்து எனக்குக் கேட்கவில்லை' என்று முடிவுகட்டும் முன் அளவைச் சந்தேகியுங்கள். தோல் மருந்துக்குப் பழகிவிட்டது என்று சொல்லப்படும் பல இடங்களில் உண்மையில் மருந்து போதிய அளவு போய்ச் சேரவே இல்லை.

பூசும் முறை

குளித்ததும் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூசுங்கள். அது தோலில் இறங்க 20, 30 நிமிடம் விட்டு ஸ்டீராய்டு பூசலாம். முதலில் எது, பிறகு எது என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்றன்மேல் ஒன்று உடனே பூசிக் கலந்துவிடாமல் இருந்தால் போதும். கலந்தால் ஸ்டீராய்டு நீர்த்துப்போகும், நோயில்லாத தோலுக்கும் பரவும். இதே காரணத்துக்காக ஸ்டீராய்டை மாய்ஸ்சரைசர் டப்பாவில் கலந்துவைப்பதும் தவறு.

அளந்த களிம்பைப் படையின் மேல் நாலைந்து இடத்தில் புள்ளியாக வைத்து, முடி வளரும் திசையிலேயே தடவிவிடுங்கள். எதிர்த் திசையில் அழுத்தித் தேய்த்தால் முடிக்கால்களில் சீழ்ப்பொரி வரும். தடவிய பிறகு அந்த இடம் பளபளவென்று தெரிய வேண்டும். வெள்ளையாகத் திட்டாக நின்றால் அளவு அதிகம், உடனே காய்ந்த மாதிரி இருந்தால் குறைவு. படை உள்ள இடம் முழுவதும், ஓரம் உட்பட. பக்கத்து நல்ல தோலுக்கு வேண்டாம்.

மருந்து கைக்கே என்றால் தவிர, பூசி முடித்ததும் கையைக் கழுவுங்கள். அதே விரலால் கண்ணைக் கசக்குவதால் எத்தனையோ பேருக்கு இமையில் தேவையில்லாத மருந்து சேர்கிறது.

வீரியமான களிம்புகளைத் தினம் ஒரு தடவை பூசினால் பெரும்பாலோர்க்குப் போதும். இரண்டு தடவை பூசுவதால் பலன் அப்படியொன்றும் கூடுவதில்லை. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாக வேண்டாம்.

ஸ்டீராய்டை மட்டும் பூசி மாய்ஸ்சரைசரை விட்டுவிட்டால் எக்ஸிமா திரும்பத் திரும்ப வரும். வறண்ட உடம்பு முழுவதற்கும் பெரியவர்களுக்கு வாரம் 250 முதல் 500 கிராம் மாய்ஸ்சரைசர் ஆகும், ஸ்டீராய்டைப்போலப் பத்து மடங்கு. பாரஃபின், எண்ணெய் சேர்ந்தவை துணியில் ஊறிக் காய்ந்திருந்தால் தீ சட்டென்று பற்றும், அடுப்பருகே கவனம்.

எப்போது நிறுத்துவது

டியூபைத் திறந்த அன்றே அதன் மேல் பேனாவால் இரண்டு தேதி எழுதுங்கள், தொடங்கிய நாள், நிறுத்த வேண்டிய நாள். முகத்துக்கு மிதமானது என்றால் பொதுவாக 5 முதல் 7 நாள். உடம்புக்கு நடுத்தரமோ வீரியமானதோ என்றால் 7 முதல் 14 நாள். க்ளோபெட்டசால் தொடர்ந்து 2 வாரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது. நாளொன்றுக்கு 2 கிராம் க்ளோபெட்டசாலே உடம்பு தானாகச் சுரக்கும் கார்ட்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டு ஹார்மோனை அடக்கிவிடக்கூடும் என்பதை நினைத்துப் பாருங்கள். நான்கே விரல்நுனி அது.

அரிப்பு நின்ற மறுநாளே நிறுத்துவது சீக்கிரம். கறை முழுக்கப் போகும்வரை பூசுவது மிகத் தாமதம். இரண்டுக்கும் நடுவில் உள்ள நாளைக் கண்டுபிடிக்கக் கண்ணைவிட விரல் நம்பகமானது. கண்ணை மூடிக்கொண்டு நல்ல தோலிலிருந்து படை இருந்த இடத்தை நோக்கி விரல்நுனியை மெல்ல ஓட்டுங்கள். எங்கே நல்ல தோல் முடிந்து படை தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை, சொரசொரப்போ மேடோ தட்டவில்லை, அரிப்பும் இல்லை என்றால் அழற்சி அடங்கிவிட்டது, நிறுத்தலாம். கருத்த தோலில் இது இன்னும் முக்கியம். அழற்சி அங்கே சிவப்பாகத் தெரியாமல் ஊதாவாகவோ சாம்பலாகவோ கரும்பழுப்பாகவோ தெரியும். ஆறிய பிறகும் கருமையோ வெளுப்போ பல மாதம் நிற்கும். அந்த நிறமாற்றத்தை ஸ்டீராய்டு போக்காது. அதைப் போக்கவென்று பூசிக்கொண்டே போனவர்கள்தான் தோல் மெலிந்து வந்து நிற்கிறார்கள்.

ஓரிரு வாரம் பூசியதைச் சட்டென்று நிறுத்தலாம். பல வாரமாக வீரியமானதைப் பூசியிருந்தால், குறிப்பாகச் சொரியாசிஸுக்குப் பரவலாகப் பூசியிருந்தால், மருத்துவரைக் கேட்டு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு குறைந்த வீரியம் என்று இறங்குங்கள். சொரியாசிஸில் ஒரேயடியாக நிறுத்தினால் நோய் முன்னைவிடச் சீறி வரலாம், சிலருக்குச் சீழ்ப்பொரி வகையாகவும் மாறலாம்.

ஆறி இரண்டு வாரத்துக்குள் அதே இடத்தில் எக்ஸிமா திரும்பிக்கொண்டே இருந்தால் மருத்துவர் இன்னொரு முறை சொல்வார்: ஆறிய பிறகும், வழக்கமாகக் கிளம்பும் இடங்களில் மட்டும், வாரத்தில் 2 நாள் பூசுவது. இது நோய் வெடிப்பதைக் குறைக்கிறது, மொத்தத்தில் செலவாகும் ஸ்டீராய்டும் பெரும்பாலும் குறைகிறது. முகத்திலும் மடிப்புகளிலும் அடிக்கடி வந்தால் டாக்ரோலிமஸ், பிமெக்ரோலிமஸ் களிம்புகளைக் கேட்டுப் பாருங்கள். இவை ஸ்டீராய்டு அல்ல, தோலை மெலியவைக்காது. முதல் சில நாள் எரிச்சல் இருக்கும், அதற்காகப் பயந்து நிறுத்த வேண்டாம்.

கெட்டுப்போவதன் அடையாளங்கள்

தோல் சிகரெட் பேப்பர்போலச் சுருங்கி, அடியில் நரம்பு தெரிந்தால், லேசாக இடித்தாலே ரத்தம் கட்டினால் அது மெலிதல். சீக்கிரம் கண்டுகொண்டு நிறுத்தினால் பெரும்பாலும் மீளும். அக்குளிலும் தொடையிலும் விழும் வரித்தழும்பு மீளாது. முகத்தில் பருக்கள், வாயைச் சுற்றிப் பொரி, முடி வளர்தல், நிலையான சிவப்பு ஆகியவை முகத்தில் நீண்ட நாள் பூசியதன் விளைவு.

நீண்ட காலம் பூசியவர்களில் சிலருக்கு, நிறுத்திய சில நாளிலோ வாரங்களிலோ, முன்பு நோய் இருந்த எல்லையையும் தாண்டித் தோல் செக்கச்சிவந்து நெருப்பாக எரியும். பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2021-ல் இதைப் பற்றித் தனியாக எச்சரித்தது. இந்த எரிச்சலை அடக்க மறுபடி அதே களிம்பை எடுப்பதுதான் எல்லோரும் செய்வது, சுழலில் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். தோல் மருத்துவரின் துணையோடு வெளியே வர வேண்டிய நிலை அது. குற்றவுணர்வோடு தனியாகச் சமாளிக்க வேண்டியதில்லை.

சரியான அளவு பூசியும் படை மோசமாகிக்கொண்டே போனால், அந்த ஸ்டீராய்டுக்கோ களிம்பில் உள்ள வேறு பொருளுக்கோ ஒவ்வாமை இருக்கலாம். சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டிவைத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்டில் தெரியும்.

குழந்தைகளுக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு அதிகம், அதனால் உடம்புக்குள் சேரும் மருந்தும் அதிகம். வீரியமானதைக் குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் பூசக் கூடாது. அதேசமயம் அவர் எழுதிக் கொடுத்ததைப் பயந்துகொண்டு ஒளித்துவைக்கவும் கூடாது. இரவெல்லாம் சொறிந்து தூங்காத குழந்தைக்கு அந்தப் பயம் செய்யும் கெடுதல் பெரிது. கர்ப்பிணிகள் மிதமானதையும் நடுத்தரத்தையும் பூசலாம். வீரியமானவற்றை அதிக அளவில் பூசினால் குழந்தையின் எடை குறையக்கூடும். பாலூட்டுபவர்கள் மார்பில் பூசுவதாக இருந்தால் பால் கொடுத்த பிறகு பூசி, அடுத்த முறை கொடுக்கும் முன் துடைத்துவிட வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நிலைமைகள் சில உண்டு. எக்ஸிமா உள்ள தோலில் திடீரென்று ஒரே அளவிலான கொப்புளங்கள் அல்லது துளையிட்டதுபோன்ற சிறு புண்கள், கூடவே வலியும் காய்ச்சலும் வந்தால் அது ஹெர்ப்பஸ் வைரஸாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேன்நிறப் பொருக்கு, சீழ், பரவும் சூடு இருந்தால் பாக்டீரியா தொற்று. கண்ணருகே பூசுபவருக்குப் பார்வை மங்கினாலோ விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ கண் மருத்துவர். முகம் உப்பி, களைப்பும் தலைசுற்றலும் சேர்ந்து, குழந்தையாக இருந்தால் வளர்ச்சியும் நின்றால், கார்ட்டிசால் சோதனை பற்றிக் கேளுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பூசிய எல்லா டியூபுகளையும், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். எத்தனை கிராம், எத்தனை நாளில் தீர்ந்தது என்பதை அவர் அதிலிருந்தே கணக்கிட்டுவிடுவார்.